ஹோமை விட்டு வந்த பிறகு மாதம் 4,000: வாங்கிப் பார்த்தவள் எழுதும் மதிப்பீடு

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, 18 வயது முடிந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு அரசு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. கோப்பில் இதற்குப் பெயர் பிற்காப்பு. ஹோம் பிள்ளைகள் வாயில் ஆஃப்டர் கேர். மிஷன் வத்சல்யா என்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வரும் பணம் இது. 100 ரூபாயில் 60 மத்திய அரசின் பங்கு, 40 மாநில அரசின் பங்கு. மதுரையில் பி.காம். படித்த காலத்தில் நான் இதை வாங்கியிருக்கிறேன். இப்போது கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் டேலியில் கணக்குப் போடுகிறேன். இந்தத் திட்டத்தைப் பற்றி அதிகாரிகள் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன், தொண்டு நிறுவனத்துக்காரர்கள் படம் போட்டு விளக்கியும் கேட்டிருக்கிறேன். வாங்கின பிள்ளை ஒன்று உட்கார்ந்து வரவு செலவு சொல்லி நான் படித்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுதி இருக்கிற பிள்ளைகள் கண்டிப்பாக விண்ணப்பம் போடுங்கள். பணம் நிஜமாகவே வருகிறது. உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. நடுவில் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. தொகை பற்றாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் என் பெரிய புகார் தொகை மேல் இல்லை. ஹோமை விட்டு வந்த பிள்ளைக்கு முதல் வருடம் முழுக்கத் தேவைப்படுவது ஒரு பெரியவரின் கையெழுத்து. அதற்கு இந்தத் திட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. 18 வயது முடிந்ததிலிருந்து 21 வரை உதவி தரலாம். சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 2 வருடம் நீட்டிக்கலாம் என்று 2016-இல் வந்த மாதிரி விதிகள் சொல்கின்றன. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட வேண்டும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு கோப்பை நகர்த்த வேண்டும். 2,000 ரூபாயாக இருந்ததை மிஷன் வத்சல்யா வந்தபோது 4,000 ஆக்கினார்கள். அந்த வழிகாட்டுதல் 2022-இல் வந்தது. எனக்கு 18 முடிந்ததும் 2022-இல்தான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். எனக்கு முந்தின செட் அக்காக்கள் 2,000 ரூபாயைக் கேட்டு அலைந்தவர்கள்.

என் ஹோம் மதுரை மாவட்டத்தில் இல்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஊர். எந்த மாவட்டம் என்று எழுதப் போவதில்லை. அங்கே குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலகத்தில் இருந்த சமூகப் பணியாளர் அக்கா ஒருவர் இல்லாவிட்டால் இந்தப் பணம் எனக்கு வந்தே இருக்காது, அவருக்குத் தொந்தரவு வேண்டாம். ப்ளஸ் டூ முடிவு வந்ததும் ஹோம் சிஸ்டர் என்னை அங்கே கூட்டிப் போனார். மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்புக், ஹோமில் எத்தனை வருடம் இருந்தேன் என்பதற்கான கடிதம், நலக் குழு என்னை ஹோமில் சேர்த்தபோது போட்ட பழைய உத்தரவின் நகல் என்று கேட்டார்கள். அந்தப் பழைய உத்தரவு முக்கியம். அது இல்லாமல் நீங்கள் ஹோமில் வளர்ந்தவர் என்பதையே யாரும் ஏற்பதில்லை. சிஸ்டர் அதை லேமினேட் பண்ணி பீரோவில் வைத்திருந்தார். எல்லா ஹோமிலும் அப்படி வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

அப்புறம் காத்திருப்பு. கல்லூரியில் சேரும் தேதி ஒரு பக்கம் நெருக்குகிறது, கோப்பு இன்னொரு பக்கம் மெதுவாக ஊர்கிறது. ஜூனில் கொடுத்த விண்ணப்பத்துக்கு முதல் பணம் வந்தபோது தீபாவளி தாண்டிவிட்டது. வந்தது மொத்தமாக வந்தது, முந்தைய மாதங்களையும் சேர்த்து. அதற்குப் பிறகும் மாதம் பிறந்தால் பணம் என்று ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரு தடவை வரும். நிதி மேலிருந்து இறங்கினால்தான் அவர்களால் போட முடியும் என்றார் அந்த அக்கா. சரி, அது அவர்கள் கையில் இல்லை. ஆனால் ஹாஸ்டல்காரர் மேலிருந்து நிதி இறங்கும்வரை காத்திருக்க மாட்டார். அந்த ஐந்தாறு மாத இடைவெளியை நான் எப்படித் தாண்டினேன் என்றால், சிஸ்டர் அட்வான்ஸ் கட்டினார், மீதிக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனுக்குச் சேலை மடித்துப் போட்டேன். சிஸ்டரும் சீசனும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? படிப்பை விட்டுவிட்டு ஏதாவது மில் வேலைக்குச் சேர்ந்து அங்கே ஹாஸ்டலில் தங்கும். போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இந்த முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் ஒரு தொகையை 18 முடிகிற அன்றே கையில் கொடுத்துவிட்டால் போதும், மற்ற தாமதங்களைப் பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு எப்போது 18 முடிகிறது என்பது ஹோமில் சேர்த்த அன்றே பதிவேட்டில் ஏறிவிடுகிறதே.

இனி கணக்கு. கோரிப்பாளையம் பக்கம் நான் தங்கிய தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பேர் அறை, சாப்பாட்டோடு மாதம் 4,800. ஆஃப்டர் கேர் 4,000. பற்றவில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது. நான் ஹோமிலிருந்து போய்ப் படித்தது அரசுப் பள்ளி. கல்லூரி வழியாகவே விண்ணப்பித்தேன். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம் என்பது இதன் பெரிய நல்ல குணம். ஆக 5,000. ஹாஸ்டல் போக 200 மிச்சம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால் கல்லூரிக்குப் போய் வர காசு கிடையாது. ஆனால் கோப்பு விஷயமாக ஹோம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டுமென்றால் அது வெளியூர் பஸ், அங்கே இலவசம் செல்லாது. நாப்கின், சோப்பு, ரீசார்ஜ், ஜெராக்ஸ் எல்லாம் அந்த 200-இல் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடை வேலையை நான் விடவே இல்லை.

பையன்களுக்கு இதே 1,000 தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. என்னோடு ஹோம் விளையாட்டு விழாவில் ஓடின பையன்களுக்கு முதல் இரண்டு வருடம் அது இல்லை. அவர்களில் பாதிப் பேர் மாட்டுத்தாவணிப் பக்கம் லோடு இறக்கிக்கொண்டே ஐடிஐ படித்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 4,000 என்பது தங்கவும் சாப்பிடவும் ஆகிற பணம். கல்லூரிக் கட்டணத்துக்கு என்று எனக்குத் தனியாக எதுவும் அதில் வரவில்லை. இதைப் பல பிள்ளைகள் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடத்தை இரண்டு வகையில் நடத்துகிறார்கள். எய்டடு என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அதே வளாகத்தில் எஸ்எஃப் என்கிற சுயநிதிப் பிரிவு என்றால் அதைப்போல் பல மடங்கு. எனக்கு எய்டடு கிடைக்கவில்லை, எஸ்எஃப்-இல் சேர்ந்தேன். வருடம் 22,000. முதல் வருடத்துக்கு ஹோமுக்கு உதவி செய்யும் ஒரு குடும்பம் கட்டியது. அடுத்த இரண்டு வருடம் ஒரு அறக்கட்டளை. அரசுக் கல்லூரியில் விருப்பமான பாடம் கிடைத்தால் கௌரவம் பார்க்காமல் அங்கே போங்கள். நான் சேர்ந்த காலத்தில் அங்கே விண்ணப்பிக்க 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும்தான். பெரிய படிப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் ப்ளஸ் டூ படிக்கும்போதே அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டத்துக்கு எழுதிப் போடுங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை அவர்கள் கவனித்து எடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறவர்களுக்குக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் மாநில அரசே ஏற்கிறது. ஹோம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இது பொருந்தும். ஆனால் கவுன்சலிங் முடிந்த பிறகு யாராவது சொல்லித்தான் தெரியவருகிறது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் சேர்ந்த அன்று வார்டன் அம்மா கேட்டது இப்படி:

"அப்பா நம்பர் சொல்லும்மா."

"அப்பா இல்லைங்க."

"சரி, அம்மா நம்பர் சொல்லு."

"அவங்களும் இல்லைங்க."

"மாமா, சித்தப்பா யாராச்சும் இருப்பாங்கள்ல? லோக்கல் கார்டியன்னு ஒருத்தர் கையெழுத்து இல்லாம ரூம் தர முடியாது தாயி."

அவர் கெட்டவர் இல்லை. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்பது அவர் கவலை. ஆனால் 18 முடிந்ததும் சட்டப்படி நான் பெரியவள். எனக்குக் கார்டியன் என்று யாரும் கிடையாது. ஹோமின் பொறுப்பும் அன்றோடு முடிந்தது. அலுவலகத்தில் கேட்டால், எங்களால் கார்டியனாகக் கையெழுத்துப் போட முடியாது, வேண்டுமானால் ஒரு கடிதம் தருகிறோம் என்றார்கள். அந்தக் கடிதத்தைக் கல்லூரியில் கொடுத்தபோது அதை வாங்கினவர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். அதன் பிறகு நான் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. சிறுவர்களாக இருக்கும்வரை எங்கள் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் காக்கிறது, 74-ஆம் பிரிவு. 18 முடிந்த மறுநாள் யார் வேண்டுமானாலும் வகுப்பில் வைத்துச் சொல்லலாம் போல.

வங்கியில் இன்னும் மோசம். என் ஹோம்தோழி பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தாள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. ஆனால் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகச் சேர வேண்டும். நகருக்குள் ஒரு வங்கிக் கிளையில் மேலாளர் அவளிடம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். இல்லை என்றதும் இறப்புச் சான்றிதழ் கேட்டார். அவள் அப்பா இறந்தாரா, எங்காவது இருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. காணாமல் போனவருக்கு எந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுப்பது? மதுரையில் மாவட்ட நிர்வாகமும் வங்கிகளும் சேர்ந்து கல்விக் கடன் முகாம் நடத்துவதுண்டு. அங்கே போய் வேறொரு வங்கியின் மேசையில் உட்கார்ந்து பேசித்தான் வழி கிடைத்தது. முடிவில் அவளுக்குக் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டவர், எங்கள் ஹோமில் சமையல் செய்த அக்காவின் கணவர். ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த அக்கா வீட்டில் இது பெரிய சண்டையாகி இருக்கிறது. "நாளைக்கு அவ கட்டலைன்னா நம்ம ஆட்டோவத் தூக்கிட்டுப் போவாய்ங்க" என்று அவர் தம்பி கத்தியதை என் தோழியே காதால் கேட்டிருக்கிறாள். இவ்வளவுக்கும் பிறகும் கையெழுத்துப் போட்டார்கள். விதிகளில் கடன் ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, சொந்தத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு. படிக்கிற பிள்ளையின் கடனுக்கு யார் முன்னால் நிற்பது என்று அதில் இல்லை. ஆட்டோக்காரர் செய்ததை மாவட்ட நிர்வாகம் செய்ய முடியாதா என்ன?

சான்றிதழ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதாவது சாதி தெரியாத, சாதிச் சான்றிதழ் வாங்க ஆளில்லாத பிள்ளைக்கும் பி.சி. சான்றிதழ் உண்டு. என் அப்பாவும் அம்மாவும் 2011-இல் ஒரே விபத்தில் போனார்கள், எனக்கு அப்போது 7 வயது. பட்டியலில் எனக்கு இடம் இருந்தது. ஆனால் நான் பார்த்த அதிகாரி அப்படி ஒரு பிரிவைக் கேள்விப்பட்டதே இல்லை. பட்டியலை பிரிண்ட் எடுத்து, அந்த வரிக்குக் கீழே மஞ்சள் மார்க்கர் போட்டுக் கொண்டுபோன பிறகுதான் வேலை நடந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஹோமில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அப்பா இறந்தது 12 வயதில். அவளுக்கு இந்த வரி பொருந்தவில்லை. இரண்டு வருட வித்தியாசத்தில் அவள் சாதி எது என்று உறவினர்களைத் தேடிப் போய் எழுதி வாங்க வேண்டியதாயிற்று. அந்த உறவினர்கள்தான் அவளை ஹோமில் விட்டவர்கள்.

தங்கும் இடத்தைப் பற்றி விதிகளில் அழகாக எழுதியிருக்கிறது: ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீடு. எனக்குச் சொல்லப்பட்ட வீடு வேறு ஊரில் இருந்தது, படிப்போ மதுரையில். அதனால் அதைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் அப்படி ஒரு வீடு இந்த ஊரில் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்ல முடியும். தீபாவளி, பொங்கல் என்றால் ஹாஸ்டலைப் பூட்டிவிடுவார்கள். சமையல்காரர் ஊருக்குப் போய்விடுவார். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். 18 தாண்டியவர்களைச் சின்னப் பிள்ளைகளோடு ஹோமில் தங்கவைக்க சிஸ்டருக்கு அனுமதி கிடையாது. முதல் பொங்கலுக்கு உசிலம்பட்டிப் பக்கம் வகுப்புத்தோழி வீட்டுக்குப் போனேன். அவர்கள் அன்பாகத்தான் வைத்துக்கொண்டார்கள். மாட்டுப் பொங்கலன்று அவள் அத்தை, "நீ எந்த ஊரு, உங்க ஆளுக எங்க இருக்காக?" என்று கேட்டதும் தோழியின் அம்மா பேச்சை மாற்றினார். அடுத்த வருடத்திலிருந்து ஜவுளிக்கடை முதலாளியிடம் பண்டிகை சமயத்தில் வேலை கேட்டு, கடைப் பெண்களுக்கு அவர் எடுத்துப்போட்டிருந்த அறையில் தங்கிக்கொண்டேன். வருடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு இடம். திட்டம் தீட்டியவர்களுக்கு எப்போதும் போக ஒரு வீடு இருந்திருக்கும், அதனால் இது தோன்றியிருக்காது.

ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சலர் பகுதி கலவையானது. விதிப்படி ஒருவர் எங்களோடு தொடர்ந்து பேச வேண்டும். எனக்கு முதலில் வந்தவர் போனில் படிவத்தைப் பார்த்து வாசிப்பார்: சாப்பிட்டாயா, அரியர் இருக்கிறதா, யாரிடமாவது பழக்கம் இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு மட்டும் குரல் இறங்கும். அவருக்குப் பிறகு வந்தவர் அருமையான மனுஷி. வங்கியில் எப்படிப் பேசுவது, சம்பளம் பேசும்போது முதலில் தொகையைச் சொல்லாமல் எப்படி இருப்பது, வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் வளர்கிற பிள்ளைகள் சாப்பிடும்போது காதில் விழுந்து கற்றுக்கொள்கிற விஷயங்கள் அவை. ஆனால் இந்த வேலையெல்லாம் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். நல்ல வேலை கிடைத்ததும் அவரும் போய்விட்டார். போகட்டும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு என் கதையை முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்று வைத்துவிட்டேன்.

ஒரு கசப்பையும் எழுதிவிடுகிறேன். கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 2021-இல் பி.எம். கேர்ஸ் திட்டம் வந்தது. 23 வயதில் 10 லட்சம் கையில் வரும், 18-லிருந்து மாத உதவியும் உண்டு. மாநில அரசும் தன் பங்குக்கு 5 லட்சம் வைப்பில் போட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, கிடைக்கத்தான் வேண்டும். லாரி மோதி, மஞ்சள் காமாலை வந்து, கடன் தாங்காமல் மருந்து குடித்துச் செத்தவர்களின் பிள்ளைக்கு மட்டும் மாதம் 4,000, அதுவும் கேட்டால்தான் என்பது என்ன கணக்கு என்று புரியவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கே புரியவில்லை. இப்போது 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்று மாதம் 2,000 தரும் திட்டம் வந்திருக்கிறது. பெற்றோர் இருவரும் இல்லாத, அல்லது ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு. ஹோமுக்கு அனுப்பாமல் பாட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்ள அது உதவும். எனக்கும் ஒரு பாட்டி இருந்தார்.

கடைசியாக வயது. நான் 3 வருடப் பட்டப்படிப்பு, 18-இல் சேர்ந்து 21-இல் முடித்தேன். திட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த பிள்ளை நான். என் நர்சிங் தோழி அப்படி இல்லை. ஹோமுக்கு வந்தபோது எழுதப் படிக்கத் தெரியாததால் அவளைக் கீழ் வகுப்பில் போட்டார்கள், ப்ளஸ் டூ முடிக்கும்போதே 19. நர்சிங் 4 வருடம். இரண்டாம் வருடத்தின் நடுவில் 21 முடிந்துவிட்டது, பணம் நின்றது. ஹோம் பிள்ளைகளில் இவளைப் போன்றவர்கள்தான் அதிகம். வகுப்பு மாறி, ஊர் மாறி, ஒரு வருடம் இரண்டு வருடம் விட்டுத்தான் எல்லோரும் மேலே வருகிறோம். அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேர் என்கிற வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவுக்கென்றே தனியாக வருடத்துக்கு 5,000 டாலர் வரை தருகிறார்கள், 26 வயது வரை, அதிகபட்சம் 5 வருடம். அந்த 5,000 மேல் எனக்கு ஆசையில்லை, அந்த ஊர் விலைவாசி வேறு. படிப்புக்குத் தனிப் பணம், வயது வரம்பு 26 என்கிற இரண்டும்தான் இங்கே வர வேண்டும்.

என் நர்சிங் தோழிக்கு நீட்டிப்பு கிடைத்தது, ஆனால் ஒரு செமஸ்டர் இடைவெளி விட்டு. 21 முடிந்த பிறகு விண்ணப்பித்ததால் வந்த இடைவெளி அது. ஆகவே 4 வருடப் படிப்பில் இருப்பவர்கள் 21-ஆவது பிறந்தநாளுக்கு நாலைந்து மாதம் முன்பே அங்கே படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழைக் கல்லூரியில் வாங்கி, மதிப்பெண் பட்டியல்களோடு நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோமை விட்டு இன்னும் வெளியே வராத தம்பி தங்கைகள் நலக் குழு உத்தரவின் நகலை இப்போதே சிஸ்டரிடமோ வார்டனிடமோ கேட்டு வையுங்கள். வங்கிக் கணக்கு சிறுவர் கணக்காக இருந்தால் 18 முடிந்ததும் அதை மாற்ற வேண்டும், ஆதாரும் அதில் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு வந்தும் பணம் திரும்பிப் போகும். ஆதாரில் ஹோம் முகவரிதான் இருக்கும், அதை அவசரப்பட்டு ஹாஸ்டல் முகவரிக்கு மாற்றாதீர்கள். ஹாஸ்டல் வருடா வருடம் மாறும். என்னுடையதில் இன்னும் ஹோம் முகவரிதான், கேஸ் இணைப்புக்கு அலைந்துகொண்டிருக்கிறேன்.